பலகையில் நிற்கப் பழகிய கதை

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் நான் வரவில்லை. நண்பர்கள் சிலர் போன் செய்து விசாரித்தீர்கள், நன்றி. பெரிதாக ஒன்றும் இல்லை. தெருமுனையில் சாக்கடை மூடியின் விளிம்பில் கால் வைத்தேன், வலது கணுக்கால் மடங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, சவ்வுதான். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கால் திடீரென்று தொளக்கென்று விட்டுப்போகும். வலியே இருக்காது. கால் என்னுடையது இல்லை என்பதுபோல ஒரு கணம், அவ்வளவுதான்.

எனக்கு இது அவமானமாக இருந்தது. பழைய வாசகர்களுக்குத் தெரியும், 31 வருடம் அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்தவன் நான். ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சீட்டின் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்து, காலை அகட்டி நின்று, 70 பேருக்கு டிக்கெட் கிழித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் சமதரையில் தடுமாறுகிறேன் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பிசியோதெரபி பார்க்கும் பெண் என் பேத்தி வயதுதான் இருக்கும். என் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்து வட்டமான ஒரு மரப்பலகையை எடுத்து வந்தது. அடியில் பாதித் தேங்காய் அளவில் ஒரு குமிழ். "சுவத்தப் பிடிச்சுக்கிட்டு இதுல ஏறி நில்லுங்க ஐயா" என்றது. ஏறினேன். பலகை ஆடியது, என் முழங்கால் அதைவிட அதிகமாக ஆடியது.

அதே வாரம் சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். "அப்பா, எங்க ஆபீஸ்ல நின்னுக்கிட்டே வேலை பாக்குற மேஜை போட்டிருக்காங்க. கால் வலிக்குது. கீழ ஒரு பேலன்ஸ் போர்டு போட்டுக்கலாம்னு பாக்குறேன். ஜிம்முக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு மூணா வாங்கிரலாமா?" நான் கொஞ்சம் பொறு என்றேன். ஒரு பொருளை வாங்கும் முன் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது என் பழக்கம். கால்தான் ஓய்வில் இருக்கிறதே, இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன். பலகையில் ஆரம்பித்த தேடல், நான் எதிர்பார்க்காத ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மனிதன் எப்படி நிற்கிறான் என்பதே 200 வருடத்துக்கு முன்னால் யாருக்கும் சரியாகத் தெரியாது. 1820களில் பாரிஸில் பியர் ஃப்ளூரன்ஸ் என்ற விஞ்ஞானி புறாக்களின் உள்காதைப் பரிசோதித்தார். அங்கே அரைவட்டமாக வளைந்த மூன்று சின்னக் குழாய்கள் உண்டு. கேட்பதற்காகத்தான் அவை இருக்கின்றன என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் அந்தக் குழாய்களை வெட்டியபோது புறாவுக்குக் காது கேட்டது, ஆனால் நிற்க முடியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. காதுக்கு இன்னொரு வேலை இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

இதை மனிதர்களிடம் சோதிக்க வழி கண்டவர் வியன்னாவில் காது வைத்தியம் பார்த்த ராபர்ட் பாரனி. நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் தலை சுற்றுகிறது என்பார்கள். சூடு அதிகமானாலும் சுற்றுகிறது என்பார்கள். உடம்புச் சூட்டில் இருந்தால் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் தண்ணீரை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் ஏன் என்று யோசித்தார். உள்காதின் குழாய்க்குள் இருக்கும் திரவம் சூட்டுக்கும் குளிருக்கும் நகர்கிறது, அந்த நகர்வைத் தலை திரும்புவதாக மூளை எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். இதற்காக 1914ஆம் வருடத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். ஸ்வீடன் இளவரசர் தலையிட்டுத்தான் விடுதலை ஆனார்.

ஆக, ஒரு காவல்காரன் காது. இன்னொருவன் கண், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாவது காவல்காரனைப் பற்றித்தான் நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. தசை, தசைநார், மூட்டு, பாதத்தின் தோல் இவற்றில் எல்லாம் நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. கால் எந்த வளைவில் இருக்கிறது, எடை குதிகாலில் விழுகிறதா விரலில் விழுகிறதா என்று நொடிக்கு நொடி மூளைக்குத் தகவல் போகும். கண்ணை மூடிக்கொண்டு சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதே, இதனால்தான். இந்த உணர்வுக்கு 1906இல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். 'ப்ரோப்ரியோசெப்ஷன்' என்றார். நான் அதைத் தன்னிலை உணர்வு என்று சொல்லிக்கொள்கிறேன். 1932இல் அவருக்கும் நோபல் கிடைத்தது.

சரி, மரப்பலகை எப்போது வந்தது? இரண்டு வாசல் வழியாக வந்திருக்கிறது. ஒன்று விளையாட்டு, ஒன்று வைத்தியம்.

விளையாட்டு வாசலில் வந்தது 1950களில், அமெரிக்காவில். ஸ்டான்லி வாஷ்பர்ன் என்பவர் ஓர் உருளையின்மேல் பலகையை வைத்து, அதன்மேல் நின்று இடதும் வலதுமாக உருளும் ஒரு பொருளுக்குக் காப்புரிமை வாங்கினார். போங்கோ போர்டு என்று பெயர். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான், பனிச்சறுக்கு வீரர்களுக்குப் பயிற்சிச் சாமான். இன்று ஜிம்மில் உருளையும் பலகையுமாகத் தனித்தனியாகக் கிடக்கிறதே, அது இந்த வம்சம்தான். நம் ஊர்க் கழைக்கூத்தாடிகள் தெருவில் செய்து காட்டியதற்குப் பக்கத்து வீட்டுச் சொந்தம் என்று சொல்லலாம்.

வைத்திய வாசலில் கொண்டுவந்தவர் லண்டன் மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன். பின்னாளில் ஸ்வான்சன் என்ற பொறியாளரோடு சேர்ந்து செயற்கை முழங்கால் மூட்டு வடிவமைத்தவர் இவர்தான். நம்மில் முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள் அந்த மனிதருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். 1965இல் அவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கேள்வி கேட்டார்கள். கணுக்கால் பிசகிய சிலருக்குச் சவ்வு ஆறிய பிறகும், வலுவாக இருந்தும், கால் ஏன் விட்டு விட்டுப் போகிறது? என் கேள்வியேதான்.

அவர் சொன்ன பதில் இது. சவ்வு கிழியும்போது அதில் இருக்கும் நரம்பு முனைகளும் சேர்ந்து கிழிகின்றன. கயிறு ஒட்டிக்கொள்கிறது, ஆனால் கயிற்றோடு போன டெலிபோன் கம்பி அறுந்தே கிடக்கிறது. கால் மடங்குகிற செய்தி போய்ச் சேர்வதற்குள் மடங்கிவிடுகிறது. ஆகவே நோயாளிகளை ஆடும் பலகையில் நிற்க வைத்தார். அப்படிப் பழகியவர்களுக்குக் கால் விட்டுப்போவது வெகுவாகக் குறைந்தது. பலகை வேலை செய்தது. ஆனால் அவர் சொன்ன காரணம் முழுசாக நிலைக்கவில்லை. 1993இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நல்ல கணுக்காலின் சவ்வை ஊசி போட்டு மரத்துப்போக வைத்துப் பார்த்தார்கள். ஆனாலும் அவர்கள் ஒழுங்காகவே நின்றார்கள். அப்படியென்றால் சவ்வை மட்டும் நம்பி உடம்பு இல்லை, கெண்டைக்கால் தசையும் மூளையும் சேர்ந்து அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கின்றன என்று ஆகிறது. வைத்தியம் சரி, விளக்கம் பாதி சரி. இப்படி நடப்பது உண்டுதானே.

இனி ஆபீசுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு உச்சி குளிர்ந்தது. உட்கார்ந்த வேலைக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய நவீன ஆய்வு எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? பஸ் கண்டக்டரிடம்!

ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வருடங்களில், மாரடைப்பு ஏன் கூடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். லண்டன் மாடி பஸ்களை எடுத்துக்கொண்டார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வருகிறவர்கள், ஒரே வண்டியில் ஒரே நேரம் வேலை பார்க்கிறவர்கள். ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் மாடிப்படி ஏறி இறங்குகிறார், ஒரு நாளில் 500 முதல் 750 படிகள். சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் கணக்கைப் பார்த்து 1953இல் லான்செட் இதழில் எழுதினார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. அதிலும் திடீர்ச் சாவு இன்னும் குறைவு. தபால்காரர்களையும் தபால் ஆபீஸ் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதை.

மாரிஸிடம் எனக்குப் பிடித்தது, தன் முடிவையே சந்தேகப்பட்டதுதான். 1956இல் அவர் பஸ் தொழிலாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது, அதுவும் வேலையில் சேர்ந்த இளம் வயதிலேயே. அப்படியானால் வித்தியாசம் முழுவதற்கும் வேலைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதை அவரே ஒத்துக்கொண்டு, இன்னும் பல வருடம் ஆராய்ந்தார். காக்கிச் சட்டை அளவு கொடுக்க டெப்போவில் நாங்கள் வரிசையில் நின்றதும், டிரைவர் நண்பர்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுத்ததும் நினைவுக்கு வந்து சிரித்தேன். மாரிஸ் 2009இல், 99 வயதில் காலமானார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாரிஸின் கண்டக்டர் சும்மா நிற்கவில்லை, நடந்தார், ஏறினார். அசையாமல் நிற்பது உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய புண்ணியம் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். கெண்டைச் சதை சுருங்கி விரியும்போதுதான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது. மகனின் மேஜைக்குக் கீழே போடும் பலகைக்கு உள்ள ஒரே நியாயம் இதுதான். நிற்கிறவனின் கணுக்காலைக் கொஞ்சம் அசைய வைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஜிம்முக்கு என்ன நியாயம்? அதற்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. நெதர்லாந்தில் 2001-02 சீசனில் 116 வாலிபால் அணிகளை எடுத்துக்கொண்டு, பாதிக்கு மேற்பட்ட அணிகளுக்குப் பலகைப் பயிற்சி கொடுத்தார்கள். முன்பே கணுக்கால் பிசகியவர்களுக்கு மறுபடி பிசகுவது குறைந்தது. பிசகாதவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்பே முழங்கால் தொந்தரவு இருந்தவர்களுக்கு அந்தத் தொந்தரவு கூடியது. ஒரே மருந்து எல்லோருக்கும் ஆகாது என்பது இதிலேயே தெரிகிறது. மகனுக்குக் கல்லூரி நாளிலிருந்தே முழங்கால் வலி உண்டு. "ஜிம் போர்டு உனக்கு வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பலகை எனக்கு. நம் வயதுக்காரர்களுக்கு. இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். பலகையில் நன்றாக நிற்கப் பழகினால் கீழே விழமாட்டோம் என்று நினைத்திருந்தேன்.

1996இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஸ்டீவன் வுல்ஃப் என்பவரின் குழு 70 வயது தாண்டிய 200 பேரை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு 'தை சி' என்ற சீன உடற்பயிற்சி. மெதுவாக, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றிச் செய்வது. இரண்டாம் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் இணைத்த மேடையில் சமநிலைப் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்குப் பேச்சு மட்டும். 15 வாரம் நடந்தது. மேடையில் பழகியவர்கள் மேடையில் நிற்பதில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் திரும்பத் திரும்ப விழும் ஆபத்து பாதியளவு, 47.5 சதவீதம், குறைந்தது தை சி செய்தவர்களுக்குத்தான். மேடைக்காரர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பலகையில் பழகினால் பலகை பழகும். வாழ்க்கையில் விழாமல் இருக்க, வாழ்க்கையில் செய்யும் அசைவுகளையே பழக வேண்டும். எழுவது, திரும்புவது, எட்டி எடுப்பது, படி ஏறுவது.

2019இல் வந்த பெரிய தொகுப்பு ஆய்வும் அதையேதான் சொல்கிறது. 108 சோதனைகள், 23,407 பேர். சமநிலையும் அன்றாட அசைவும் சேர்ந்த உடற்பயிற்சி விழுவதை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கிறது. அந்தத் தொகுப்பின் முதல் ஆசிரியர் பெயர் கேத்ரின் ஷெரிங்டன். 1906இல் பெயர் வைத்த ஷெரிங்டன் ஒருவர், 2019இல் கணக்குப் பார்த்த ஷெரிங்டன் இன்னொருவர். பெயர்ப் பொருத்தத்தை ரசித்தேன்.

இனி வாங்குகிறவர்களுக்காகச் சுருக்கமாக. பலகைகள் நாலு ஜாதி. அடியில் இரண்டு வளைந்த கட்டைகள் இருந்தால் ஒரு திசையில் மட்டும் ஆடும், நாற்காலி ஊஞ்சல் மாதிரி. அடியில் குமிழ் இருந்தால் எல்லாத் திசையிலும் ஆடும். உருளையும் பலகையும் தனித்தனியாக இருந்தால் நழுவும். நாலாவது பலகையே இல்லை, காற்றடைத்த வட்ட மெத்தை அல்லது தடித்த ஃபோம்.

ஆபீசுக்கு முதல் வகையோ மெத்தையோ போதும். பார்வை திரையில் இருக்கும்போது கால் தானாக ஆட வேண்டும், காலைப் பற்றியே யோசிக்க வைக்கும் பலகை வேலைக்கு ஆகாது. கால் மணி நேரம் ஏறி, பிறகு இறங்கிவிட வேண்டும். ஜிம்முக்குக் குமிழ் வகை. இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 40 சென்டிமீட்டர் அகலப் பலகைக்கு 7 சென்டிமீட்டர் குமிழ் என்றால் சுமார் 20 டிகிரி சாயும். 4 சென்டிமீட்டர் குமிழ் என்றால் சுமார் 12 டிகிரிதான். அதே குமிழுக்குப் பலகை அகலமானால் சாய்வு குறையும். ஆரம்பிக்கிறவர்கள் அகலப் பலகை, குட்டைக் குமிழ் பார்த்து எடுக்கலாம். எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து, தம் எடையைவிடத் தாராளமாக இருக்கும்படி வாங்க வேண்டும். மேலே சொரசொரப்பு வேண்டும். டைல்ஸ் தரையில் நேராகப் போடவே கூடாது, கீழே ரப்பர் விரிப்பு போட வேண்டும். உருளை வகை வாலிபப் பிள்ளைகளுக்கு. நம் வயதுக்காரர்கள் அதைத் தொட வேண்டாம். நான் தொட்டேன். பேரன் கொண்டுவந்திருந்ததில், பழைய கண்டக்டர் கெத்தில் ஏறினேன். நல்லவேளை, பின்னால் கட்டில் இருந்தது.

நமக்குப் பலகையே தேவையில்லை என்பதுதான் என் முடிவு. கால் பிசகியவர்களுக்கு, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்றால், சரி. மற்றவர்களுக்கு அடுப்பு மேடையின் விளிம்பு போதும். 2022இல் பிரேசில் நாட்டில் வந்த ஓர் ஆய்வு 51 முதல் 75 வயது வரை 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 நொடி நிற்கச் சொன்னது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அப்படி முடியாதவர்களில், அடுத்த வருடங்களில் இறந்தவர்கள் அதிகம். நிற்காததால் இறந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. உடம்பின் பல கணக்குகளை அந்த 10 நொடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். செய்து பார்க்கிறவர்கள் பக்கத்தில் பிடிமானமும் ஆளும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது.

1840களில் பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் என்ற மருத்துவர் இருந்தார். தண்டுவடம் கெட்டுக் காலின் உணர்வு போன நோயாளிகளைப் பார்த்தார். கண் திறந்திருக்கும்போது நிற்பார்கள். கண்ணை மூடச் சொன்னால் ஆடுவார்கள், விழுவார்கள். மூன்று காவல்காரர்களில் காலின் காவல்காரன் போய்விட்டான், கண் அவன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது, கண்ணையும் மூடினால் காது ஒன்றால் மட்டும் தாங்க முடியவில்லை. இன்றும் நரம்பு டாக்டர் நம்மைக் கண்ணை மூடி நிற்கச் சொல்வது அவர் பெயரால்தான். இந்த வியாதிக்காரர்கள் முகம் கழுவும்போது, சோப்புக்காகக் கண்ணை மூடும் கணத்தில் விழுவார்கள் என்று படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன்.

என் அக்கா திருமங்கலத்தில் இருந்தாள். 2008இல் ஒரு வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்தாள். தலைக்கு சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தவள் நின்ற இடத்திலேயே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது, ஆபரேஷன் ஆனது, படுக்கையை விட்டு எழவில்லை, நாலு மாதத்தில் போய்விட்டாள். வயது 64. குளியலறையைக் கழுவி வைப்பது அத்தானின் வேலை. பாசி பிடிக்க விட்டுவிட்டார் என்று நான்தான் முதலில் சொன்னேன், துக்க வீட்டில், நாலு பேர் முன்னால். "தரை காஞ்சுதான் மாப்ளே இருந்துச்சு, நான் காலையிலதான் தேச்சுக் கழுவுனேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு விசேஷங்களில் பார்த்தால் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான் பேச்சு.

அக்காவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. கடைசிக் காலத்தில் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் தெருவில் பாதி தூரம் போய்விடுவாள், நாங்கள் கேலி செய்வோம். அவளுடைய மூன்றாவது காவல்காரன் எப்போதோ போய்விட்டான். அது எங்களுக்குத் தெரியவில்லை. சீயக்காய்க்காகக் கண்ணை மூடினாள்.

கால் கொஞ்சம் தேறியதும் திருமங்கலம் பஸ் ஏறினேன். அத்தானுக்கு 87 வயது. காது மந்தம். ரோம்பெர்க்கைப் பற்றி எல்லாம் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக, "தரை காஞ்சுதான் இருந்திருக்கு அத்தான், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "காப்பி சாப்புடுறியா?" என்றார். சாப்பிட்டேன். கிளம்பும்போது வாசல்படி வரை வந்து, "பாத்து எறங்கு, கால் சரியில்லங்குற" என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டேன், சுவரில் ஒரு கைப்பிடி அடித்தேன். மனைவிக்கும் சர்க்கரை இருக்கிறது. தலைக்குக் குளிக்கும்போது உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள். பேலன்ஸ் போர்டைவிட முக்காலி விலை குறைவு.

காலையில் பால் காயும் வரை இரண்டு பேரும் அடுப்பு மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறோம். அவள் எண்ணுகிறாள். என் வலது கால் நேற்று 14 வரை போனது. "ஏங்க, பால் பொங்குது" என்று அவள் சொன்னதால் இறக்கிவிட்டேன், இல்லாவிட்டால் 15 ஆகியிருக்கும்.